சூரிய அதிர்வியல் கருவிகள்

சூரியனுக்குள் சுழலும் ஒலியலைகள் அதன் மேற்பரப்பை ஏற்றி இறக்குவதை அளப்பவை இக்கருவிகள். 1960களின் தொடக்கத்தில் வில்சன் மலை ஆய்வகத்தில் ராபர்ட் லெய்ட்டன் குழுவினர், மேற்பரப்பின் பகுதிகள் சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தணிவதை டாப்ளர் விளைவால் கண்டனர். உள்ளே சிக்கிக்கொண்ட ஒலியலைகளே காரணம் என்று 1970-71இல் உல்ரிச்சும், தனியே லைபாக்கரும் ஸ்டீனும் விளக்கினர். 1975இல் டாய்ப்னரின் அளவீடு அதை உறுதிசெய்தது. அதற்குப் பிந்தைய வளர்ச்சியைப் பெரிய தொலைநோக்கிகளின் கதையாகச் சொல்வது பொருந்தாது. சூரிய ஆய்வில் வெளிச்சத்துக்கா பஞ்சம்? தட்டுப்பாடு இரண்டுக்குத்தான்: நிலைமாறாத அளவுகோலுக்கும், அறுபடாத பகலுக்கும்.

சூரியன் முழுவதும் சேர்ந்து அதிரும் ஒரு தனி அதிர்வின் வேகம் நொடிக்குச் சில பத்து சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பூமியின் சுழற்சியோ நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தை அதன்மேல் ஏற்றிவிடும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு இதற்குக் கண்ட வழி, காந்தப்புலத்தில் வைத்த பொட்டாசியம் ஆவிக் குடுவை. காந்தப்புலம் ஆவியின் நிறமாலைக் கோட்டைப் பிளக்கும். ஒளியின் வட்ட முனைவாக்கத்தை மாற்றி மாற்றி அனுப்பினால், சூரியனின் 770 நானோமீட்டர் கோட்டின் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறிப் பதிவாகும். இரண்டின் ஒளிச்செறிவு வித்தியாசமே வேகத்தைக் காட்டும். வெப்பத்தால் நெளியும் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் பதில் அணுவே அளவுகோலானதால், 1979இல் முழுச் சூரிய அதிர்வுகள் பிடிபட்டன.

ஆனால் இரவு விடவில்லை. 1976இல் கிரிமியாவிலும் பர்மிங்காம் குழுவிடமும் தென்பட்ட 160 நிமிட அதிர்வு பெரும் பரபரப்பாயிற்று. 160 நிமிடம் என்பது ஒரு நாளில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு என்பதே, அது பகலிரவு இடைவெளியின் போலித் தோற்றமோ என்ற சந்தேகத்துக்கு இடமளித்தது. பிற்கால நெடுந்தொடர் அளவீடுகளில் அது காணப்படவில்லை. சூரியன் மறையாத தென் துருவக் கோடையில் கிரெக், ஃபொசா, பொமெரான்ட்ஸ் ஆகியோர் சுமார் 5 நாள் அறுபடாமல் அளந்தனர். அதையே ஆண்டு முழுவதும் செய்ய, உதயப்பூர் உட்பட ஆறு நிலையங்கள் கொண்ட 'காங்' வலையமைப்பு 1995இல் இயங்கத் தொடங்கியது.

அதே ஆண்டு டிசம்பரில் சூரியனை ஆராயும் 'சோஹோ' விண்கலம் ஏவப்பட்டபின் தரைநிலையங்கள் எதற்கு என்று கேட்கலாம். 1998 ஜூனில் அதனுடன் தொடர்பு அறுந்து மாதக்கணக்கில் அளவீடு நின்றபோது, தரையிலிருந்து பதிவு தொடர்ந்தது. சூரிய மேற்பரப்பின் நுணுக்கமான படங்கள் இன்றி உட்சுழற்சியை ஆழவாரியாக அறிய முடியாது என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் அந்தப் படங்களும் நெடுநாள் வரிசையாகக் கிடைத்தால்தான் அதிர்வெண்கள் துல்லியமாகப் பிரியும். உண்மையில் இடறுவது வேறிடத்தில்: மையக்கருவைக் காட்டக்கூடிய, சூரியனுக்குள் ஈர்ப்புவிசையால் மீளும் அதிர்வுகள் பல்லாண்டுத் தொடர் பதிவிலும் ஐயமறப் பிடிபடவில்லை. 2017இல் வந்த உரிமைகோரலும் மறுபகுப்பாய்வில் நிலைக்கவில்லை. அங்கே இரைச்சல் கருவியுடையது அல்ல. சூரியனின் மேற்பரப்புக் கொந்தளிப்பே.