தாய்வீடு இல்லாத பிள்ளைப்பேறு

சென்ற மாதம் வானொலியில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

1996 இல் ரொறொன்ரோவில் எனக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. முந்திய ஆண்டு ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குப் போனவர், பிறகு வன்னியில் எங்கோ இருந்தார். எங்கள் மாடிக் கட்டிடத்தில் இருந்த ஓர் அன்ரிதான் காயச்சரக்கு அரைத்துத் தந்தார், வேதுத் தண்ணி வைத்தார், முப்பத்தொன்று கழியும்வரை என்னை அடுப்படிப் பக்கம் விடவில்லை. அவர் எனக்கு உறவில்லை. ஊர்கூட வேறு.

இரண்டு வருடம் கழித்து ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை கிடைத்தது. பிள்ளைப்பேற்று வார்டுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோவது என் பொறுப்பு. ஒரு காலை, பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பக்கத்துத் தொட்டில் வெறுமையாக இருந்தது. பிள்ளையைப் பிள்ளை நலப் பகுதியினர் இரவே கொண்டுபோய்விட்டார்கள் என்றும், அவளும் அவர்களிடம் வளர்ந்தவள்தான் என்றும் வெளியே பேசிக்கொண்டார்கள். என்ன பிழை செய்தாளோ என்றுதான் அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன். அந்த வெட்கம்தான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

கனடாவில் ஆதரவற்ற இளம் தாய்மாருக்கு உதவிய கதையை நான் 1845 இல் மொன்றியலில் தொடங்குவேன். றொசாலி கட்றோன் ஜெற்றே என்ற விதவை, பதினொரு பிள்ளை பெற்றவர், மருத்துவிச்சி. கணவர் 1832 இல் கொலராவில் இறந்துபோனார். மணமாகாமல் கர்ப்பமான பெண்களை வீட்டார் துரத்திவிட்ட காலம் அது. றொசாலி தன் மகனின் வீட்டுப் பரணில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவர் பிள்ளைகளுக்கே இது பிடிக்கவில்லை. 1848 இல் அதுவே மிசரிக்கோர்டியா கன்னியர் சபையாயிற்று. ஸ்காபரோ லோரன்ஸ் அவென்யூவில் பெரிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில் அவர் பெயரால் இளம் தாய்மாருக்கென ஓர் இல்லம் இருந்தது. நம்மவர் எத்தனையோ பேர் பேருந்தில் அதைக் கடந்து போயிருப்போம், நானும்தான்.

அரசு இந்த வேலைக்குள் வந்தது பிறகு. ஜே. ஜே. கெல்சோ என்ற பத்திரிகைக்காரர் 1891 இல் ரொறொன்ரோவில் பிள்ளைகள் உதவிச் சங்கத்தைத் தொடக்கினார். 1893 இல் ஒன்ராறியோவில் பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடிபட்ட பிள்ளையை வீட்டிலிருந்து மீட்டு வேறொரு குடும்பத்தில் வளர்ப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து தானே தாயானால் யார் துணை என்பதைச் சட்டம் யோசிக்கவில்லை. அதே காலத்தில், 1869 முதல் 1940கள் வரை, பிரித்தானியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்குப் போனார்கள். சிலர் வேலை பார்த்த வீட்டிலேயே கெடுக்கப்பட்டார்கள். கர்ப்பமானால் பழி அந்தப் பெண்ணுக்கே.

போருக்குப் பின், 1945 இலிருந்து 1971 வரை, மணமாகாத தாய்மாருக்குக் கனடாவில் ஏறத்தாழ 6 லட்சம் பிள்ளைகள் பிறந்தன. அவர்களில் பெருந்தொகையானவர்களை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கிப் பிள்ளைகளைத் தத்துக்குக் கொடுத்தார்கள். கனடிய செனற் குழுவொன்று 2018 இல் இதை விசாரித்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்தது இன்னும் மோசம். 1950களிலிருந்து 1980கள் வரை பல்லாயிரம் பேரை எடுத்து வெள்ளையர் வீடுகளில் வளர்த்தார்கள். 2021 குடிசன மதிப்பில்கூட, பதினான்கு வயதுக்குட்பட்ட வளர்ப்புப் பிள்ளைகளில் 53.8 வீதம் பூர்வகுடியினர். அந்த வயதுப் பிள்ளைகளில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது அந்த வெறுந்தொட்டிலுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பேர்த் அலேர்ட், அதாவது பிறப்பு எச்சரிக்கை, என்றொரு வழக்கம் இருந்தது. ஒரு கர்ப்பிணியால் பிள்ளைக்கு ஆபத்து என்று பிள்ளை நல அதிகாரிகள் கருதினால், அவளைக் கேளாமலே வைத்தியசாலைகளுக்கு அறிவித்துவிடுவார்கள். அவள் பிள்ளைப்பேற்றுக்கு வந்ததும் வைத்தியசாலை அவர்களுக்குச் சொல்லும். அவள் தானே அரச பராமரிப்பில் வளர்ந்தவள் என்பதும் ஆபத்துக் குறிகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. அவளை வளர்த்த அரசே, தான் வளர்த்ததைக் காரணம் காட்டி அவளை நம்பாமல் விட்டது. அவளுடைய சிறுபிராயம் முழுவதும் கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கச் சுலபம். என்னைப் பற்றி எந்தக் கோப்பும் வைத்தியசாலைக்குப் போகவில்லை. நானும் தாயில்லாமல், காசில்லாமல், அகதி வழக்கு முடியாமல் போய்ப் படுத்தவள்தான்.

ஆபத்தான வீடுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த எச்சரிக்கைக்குப் பயந்து பல பெண்கள் கர்ப்பகாலத்தில் மருத்துவரிடமே போகாமல் ஒளித்தார்கள். காக்க வந்த ஏற்பாடு பிள்ளைக்கே கேடானது. காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019 யூன் மாதம் இதை உடனே நிறுத்தச் சொன்னது. அந்த ஆண்டே பிரிட்டிஷ் கொலம்பியா நிறுத்தியது. மனிற்றோபா 2020 யூலையிலும், ஒன்ராறியோ 2020 ஒக்ரோபர் 15 இலும் நிறுத்தின. கியூபெக் 2023 வரை இழுத்தது.

நிறுத்தியது சரி, பதிலுக்கு என்ன? பக்கத்து அமெரிக்காவில் இலினோய், விஸ்கொன்சின், அயோவா மாநிலங்களில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 19 வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒருமுறையாவது கர்ப்பமாகியிருந்தார்கள். தனக்கென்று ஒரு சொந்தம் வேண்டும் என்ற ஏக்கமும் அதில் இருக்குமென்றே நினைக்கிறேன். ஒன்ராறியோவில் இவர்களைக் கிரவுன் வார்ட், முடிக்குரிய பிள்ளை, என்று அழைத்தார்கள். 2018 இல்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள். பெயர் மகாராணியின் பிள்ளை மாதிரி, ஆனால் பதினெட்டோடு வீடு முடிந்துவிடும். 2011 இல் பராமரிப்பில் வளர்ந்த இளையோர் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கே வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். 25 வயதுவரை துணை வேண்டுமென்று கேட்டார்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் 23 வரை உதவுகிறது. பணம் வயது ஏற ஏறக் குறையும். நம் வீடுகளில் 23 வயதுப் பிள்ளைக்கு இன்னும் சோறு போட்டுக்கொடுக்கிறோம்!

பிரிக்காமல் உதவிய இடமும் உண்டு. பத்திரிகையாளர் ஜூன் கோல்வுட் 1982 இல் ரொறொன்ரோவில் ஜெசீஸ் என்ற நிலையத்தைத் தொடக்கினார். பள்ளிப் படிப்பு, குழந்தை பராமரிப்பு, தாதி, குடியிருக்கச் சில வீடுகள் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே உதவி.

எனக்குப் பத்தியம் வைத்த அன்ரிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. வானொலிப் பேச்சைக் கேட்டுவிட்டு அன்றிரவே தொலைபேசி எடுத்தார். ஆண்டு, சட்டம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளை பிறகெண்டாலும் சாப்பிட்டதோ?" என்றார்.

இல்லை அன்ரி, தட்டு அப்படியேதான் திரும்பி வந்தது என்றேன்.