நிற்கும் மரத்தின் விலை

அரசாங்கம் ஒரு கணக்கைப் போட்டு, அந்தக் கணக்கின்படி வரியும் விதித்துவிட்டால், அது சரிதானா என்று கேட்க யாருக்கு உரிமை உண்டு? கேட்டால், விடை கூற அரசாங்கம் கடமைப்பட்டதா? நாளைய குடிமக்களாகிய மாணவர்கள் சிந்திக்கவேண்டிய வினாக்கள் இவை. இவற்றைத் தத்துவமாகப் பேசாமல், நடந்த ஒரு வழக்கின் வாயிலாக விளக்க விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே 1982-ஆம் ஆண்டு தொடங்கி நடந்துவரும் மரத் தகராறே அவ்வழக்கு.

அமெரிக்க மக்கள் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டங்களால் எழுப்பப்பட்டவை. ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களை அறுத்து எடுத்த சட்டங்களும் பலகைகளும் அவ்வீடுகளைத் தாங்கி நிற்கின்றன. வாணிகத்தில் இவற்றை மென்மரம் என்பார்கள். அமெரிக்கா பயன்படுத்தும் மென்மரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கனடாவிலிருந்து வந்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் போன்ற கனடிய மாகாணங்களில் ஒரே ஒரு மர அறுவை ஆலையை நம்பி வாழும் சிற்றூர்கள் பல உண்டு. எல்லைக்குத் தெற்கே ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் நிலைமை அதுவே. ஆகவே, இவ்வழக்கில் கூடும் அல்லது குறையும் ஒவ்வொரு சதவீதமும் எங்கோ ஓர் ஊரில் ஒரு தொழிலாளியின் கூலியைத் தொடுகிறது.

தகராற்றின் வேர் காட்டின் உரிமையில் இருக்கிறது. கனடாவில் காடுகளில் பெரும்பகுதி மாகாண அரசாங்கங்களின் உடைமை. அங்கே மரம் வெட்டும் நிறுவனம், வெட்டுமுன் நிற்கும் மரத்துக்கென்று ஒரு கட்டணத்தை அரசாங்கத்துக்குச் செலுத்துகிறது. அதனைப் பெரும்பாலும் அரசாங்கத்தின் விதிகளே நிர்ணயிக்கின்றன. அமெரிக்காவிலோ மரத்தில் பெரும்பகுதி தனியார் நிலங்களிலிருந்து சந்தை விலைக்கு வருகிறது. “கனடிய அரசாங்கங்கள் மரத்தை மலிவாகக் கொடுக்கின்றன, அந்த மலிவு மறைமுகமான மானியம்” என்று அமெரிக்க ஆலை முதலாளிகள் முறையிட்டனர். “எங்கள் காட்டில் சாலை போடுவதும், வெட்டிய இடத்தில் மீண்டும் காடு வளர்ப்பதும் நிறுவனங்களின் பொறுப்பு. அச்செலவையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் மரம் மலிவன்று” என்று கனடா மறுமொழி கூறியது.

அமெரிக்கச் சட்டப்படி, அயல்நாட்டு மானியம் பெற்ற பொருள் இறக்குமதியாகி உள்நாட்டுத் தொழிலுக்கு ஊறு செய்யுமானால், அம்மானியத்துக்கு ஈடாக எதிரீட்டுத் தீர்வை விதிக்கலாம். ஊறு உண்டா என்பதை ஒரு கமிஷன் ஆராயும். மானியம் எத்தனை சதவீதம் என்பதை வர்த்தக இலாகா கணக்கிடும். அந்தக் கணக்கை ஏற்காதவர் நியூயார்க் நகரத்திலுள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தை நாடலாம். பழைய சுங்க நீதிமன்றமே 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பெயரையும் விரிந்த அதிகாரத்தையும் பெற்றது.

இந்த நீதிமன்றத்தின் முறை நம் கவனத்துக்கு உரியது. நீதிபதி தாமே கணக்குப் போட்டு, மானியம் இத்தனை சதவீதம் என்று தீர்ப்பெழுதுவதில்லை. இலாகாவின் முடிவுக்கு ஏடுகளில் போதிய சான்று உண்டா என்றும், அது சட்டத்துக்கு இணங்கியதா என்றும் இரண்டே கேள்விகளைக் கேட்கிறார். விடை நிறைவளிக்காவிட்டால், காரணம் காட்டி மீண்டும் கணக்கிடுமாறு திருப்பி அனுப்புகிறார்.

எனினும், அயல்நாட்டு நீதிமன்றம் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கக் கனடா விரும்பவில்லை. 1987-ஆம் ஆண்டு இரு நாடுகளும் தடையற்ற வாணிக உடன்படிக்கை பேசியபோது, இதன் பொருட்டே கனடாவின் தலைமைப் பேச்சாளர் சைமன் ரைஸ்மன் செப்டம்பரில் பேச்சை முறித்துக்கொண்டு வெளியேறினார். பிறகு ஒரு சமரசம் பிறந்தது. கட்சிக்காரர் வேண்டினால், நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு நாட்டினரும் கலந்த ஐவர் குழு கணக்கைச் சரிபார்க்கும். ஆனால், அமெரிக்கத் தீர்வையைப் பொறுத்தவரை அக்குழு அமெரிக்கச் சட்டத்தையே கைக்கொள்ள வேண்டும். 1989 ஜனவரி முதல் நாள் இவ்வேற்பாடு நடைமுறைக்கு வந்தது.

இனி வழக்கின் போக்கைக் காண்போம். 1983-இல் வர்த்தக இலாகா கனடாவின் மரக் கட்டணத்தை ஆராய்ந்து, அது குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு மட்டும் அளிக்கப்படும் சலுகையன்று. ஆகவே எதிரீட்டுத் தீர்வைக்கு இடமில்லை என்று கூறிற்று. 1986-இல் அதே இலாகா அதே வகைக் கட்டணத்தை மறுபடி ஆராய்ந்து, மானியம் 15 சதவீதம் என்று முதல்நிலை முடிவு செய்தது! கனடா தானே 15 சதவீத ஏற்றுமதி வரி விதிக்க இசைந்து அந்தச் சுற்றை முடித்துக்கொண்டது. 1991-இல் கனடா அந்த இசைவிலிருந்து விலகவே, 1992-இல் இலாகா மானியத்தை 6.51 சதவீதம் என்று கணக்கிட்டது. ஐவர் குழு அதைத் திருப்பி அனுப்பியது. மறுகணக்கில் மானியம் குறையவில்லை; 11.54 சதவீதமாக உயர்ந்தது. குழு அதையும் ஏற்கவில்லை. ஆனால், அம்முறை குழுவின் மூன்று கனடியர் ஒரு பக்கமும் இரண்டு அமெரிக்கர் மறுபக்கமும் நின்றனர். 1994-இல் மேல்முறையீட்டைக் கேட்ட மூவரும் அவ்வாறே நாட்டுவாரியாகப் பிரிந்தனர். அமெரிக்க நீதிபதி மால்கம் வில்கி கடுமையான மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். தீர்வை நீங்கியது. ஆனால், அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்கக் காங்கிரஸ், மானியத்தின் விளைவை இலாகா ஆராயத் தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தியது. நீதி மன்றில் தோற்றவர் சட்ட மன்றத்தில் வழி தேடிக்கொண்டனர்.

ஐந்தாண்டு உடன்படிக்கை ஒன்று 2001 மார்ச்சில் முடிந்ததும் வழக்கு மீண்டும் எழுந்தது. 2002 மே மாதத்தில் அமலுக்கு வந்த எதிரீட்டுத் தீர்வை 18.79 சதவீதம். அடக்க விலைக்கும் குறைவாக விற்றதற்கென விதித்த வேறொரு தீர்வையையும் சேர்த்துக் கனடிய மரத்தின் மீது சராசரி 27 சதவீதத்துக்கு மேல் சுமை ஏறியது.

18.79 எப்படி வந்தது? கனடாவில் அரசாங்கமே பெருங்காட்டுக்காரர் ஆகையால், அங்குள்ள தனியார் விலையும் கலங்கிய விலையே என்று இலாகா கருதியது. ஆகவே, எல்லைக்கு இப்பால் அமெரிக்க மாநிலங்களில் நிற்கும் மரத்தின் விலையை ஒப்பு விலையாகக் கொண்டது. 2003 ஆகஸ்டில் ஐவர் குழு இதனை மறுத்தது. கனடிய ஆலைக்காரர் வாங்கக்கூடிய விலையைத்தானே ஒப்பிட வேண்டும்? அமெரிக்க மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் எல்லையைத் தாண்டி வருமா? வெட்டிய மரத்துண்டு வரலாம். நிற்கும் மரம் வாராது. மேலும், மண்ணின் வளம், மரத்தின் பருமன், ஆலைக்குள்ள தொலைவு ஆகியவற்றால் நிற்கும் மரத்தின் விலை இடத்துக்கு இடம் வேறுபடும்.

இலாகா வேறு வழியில் கணக்கிட்டது. மரத்துண்டின் விலையிலிருந்து வெட்டுகூலி முதலான செலவுகளைக் கழித்து, நிற்கும் மரத்தின் மதிப்பைக் காண முயன்றது. எந்த ஊர் விலையைக் கொள்வது, எச்செலவைக் கழிப்பது என்று இதிலும் ஐயங்கள் எழும். கனடியர் மரத்துண்டைக் கன மீட்டரில் அளக்கின்றனர். அமெரிக்கர் ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓரங்குலக் கனமும் கொண்ட பலகையடியில் அளக்கின்றனர். ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும் எண்ணைச் சற்றே அசைத்தாலும் மானியத்தின் சதவீதம் அசையும்.

குழு ஐந்து முறை திருப்பி அனுப்பியது. 18.79 சதவீதம் 13.23 ஆயிற்று. பின்னர் 7.82, 1.88, 1.21 என்று இறங்கி, 2005 நவம்பரில் 0.80 ஆயிற்று. ஒரு சதவீதத்துக்குக் குறைந்த மானியத்தைச் சட்டம் இல்லையென்றே கருதும். 2006 மார்ச்சில் குழு இதனை உறுதிசெய்தது. இவ்வெண்களில் ஒன்றையேனும் குழு எழுதவில்லை; அத்தனையும் இலாகா தன் கையால் எழுதியவை. “இது எப்படி வந்தது?” என்று விடாமல் கேட்டதே குழு செய்த வேலை.

ஆயினும், குழு சொன்னதே முடிந்த முடிவு என்று நான் கூறமாட்டேன். ஜெனீவாவில் உலக வர்த்தக நிறுவனத்தின் மேல்முறையீட்டு மன்றம் 2004 ஜனவரியில், உள்நாட்டு விலை அரசாங்கத்தின் ஆதிக்கத்தால் திரிந்திருந்தால் அயல்நாட்டு விலையையும் ஒப்பிடலாம் என்று சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பொருள் கூறியது. கற்றறிந்தவர்கள் மாறுபடக்கூடிய வினா இது. அதனாலேயே காரணங்களைத் திறந்து வைத்துப் பேச ஒரு மன்றம் தேவைப்படுகிறது.

முடிவில் கிடைத்தது என்ன? 500 கோடி டாலருக்கு மேற்பட்ட தீர்வைப் பணம் அமெரிக்கக் கருவூலத்தில் முடங்கிக் கிடந்தது. நான்காண்டுக்கு மேல் பணத்தை முடக்கிய நிறுவனங்கள் களைத்திருந்தன. 2006 செப்டம்பரில் இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்தன. சுமார் 400 கோடி டாலர் திரும்பியது. 100 கோடி டாலர் அமெரிக்காவிலேயே நின்றது. அதிலும் பாதி, வழக்குத் தொடுத்த ஆலைக்காரர்களுக்கே சென்றது. உடன்படிக்கை அக்டோபர் 12-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மறுநாள், அக்டோபர் 13 அன்று, ஊறு பற்றிய வழக்கிலும் கனடா வென்றிருந்ததைக் கொண்டு, வசூலித்த தீர்வையைத் திருப்பித் தர வேண்டும் என்று சர்வதேச வர்த்தக நீதிமன்றம் கூறியது. அதற்குள் பேரம் முடிந்துவிட்டது. நீதி வரும்வரை காத்திருக்கும் வலிமை இல்லாதவனுக்கு, வென்ற வழக்கிலும் முழுப் பயன் கிட்டுவதில்லை.

அந்த உடன்படிக்கை 2015-இல் முடிய, 2016-இல் மறுபடியும் வழக்கு எழுந்தது. இம்முறை இலாகா கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவின் தனியார் மர விலையைக் கொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேற்கேயுள்ள ஆல்பர்ட்டாவின் மரத்தையும் மதிப்பிட்டது. 2020 ஆகஸ்டில் உலக வர்த்தக நிறுவனத்தின் குழு இதனைக் குறைகூறிற்று. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஆனால், வேண்டிய அளவு உறுப்பினர் இன்றி மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரிலேயே செயலற்றுப் போயிருந்தது. முறையீடு கேட்பாரின்றி நின்றது. தீர்ப்பும் நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஆகஸ்டில் இருவகைத் தீர்வையும் சேர்ந்து சராசரி 35 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வாண்டு அக்டோபரில் நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி மேலும் 10 சதவீதம் விதிக்கப்பட்டது. இந்தப் பத்துக்கு மானியக் கணக்கே தேவையில்லை. கணக்கில்லாத வரியில், கணக்கைச் சரிபார்க்கும் மன்றத்துக்கும் வேலையில்லை.

மாணவ நண்பர்களே! சதவீதத்தைத் தசமப் புள்ளிக்குப் பின் ஈரிலக்கம் வரை எழுதிவிட்டால் அது அசைக்க முடியாத உண்மைபோல் தோன்றும். அவ்வெண்ணுக்குள் எந்த ஊர் விலை, எந்த அளவுகோல், எந்தச் செலவு என்று யாரோ செய்த தேர்வுகள் அடங்கியிருக்கின்றன. அத்தேர்வுகளுக்குக் காரணம் கேட்கும் மன்றம் தாமதமாகலாம். சில வேளை நாட்டுப் பற்றால் பிளவுபடலாம். அதன் தீர்ப்பைப் பேரம் முந்திக்கொள்ளவும் கூடும். எனினும், அத்தகைய மன்றம் இருந்ததனால்தான் 18.79 என்று எழுதிய கையே 0.80 என்றும் எழுத நேர்ந்தது.