தகர டிக்கெட்டுக்கு ஓர் அஞ்சலி

இலங்கை மலைநாட்டுக்கு ஆள் சேர்த்த காலத்துத் தகர டிக்கெட் செத்துப்போய் வெகுகாலமாகிறது. 1939இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளின் பயணத்துக்குத் தடை போட்ட பிறகு அதற்கு வேலையே இல்லை. அன்றைக்கு அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. அழுவதற்கு அதில் என்ன இருந்தது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. தோட்டத்துக் கூலிகளின் தலைவரான கங்காணி தன் சொந்த ஊர்ப்பக்கம் வந்து, முன்பணம் கொடுத்து, உறவையும் சாதியையும் சொல்லி ஆள் திரட்டுவார். திரட்டிய ஆளின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கும். அதில் பொறித்திருப்பது போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் பதிவெண். படிக்கத் தெரியாதவர் கூட்டத்தில் தவறிப்போனாலும், வழியில் இருந்த முகாம்காரரும் ரயில்காரரும் தகரத்தைப் பார்த்தே சரியான இடத்துக்கு அனுப்பிவிடலாம். முகாமில் போட்ட சோறு, கப்பல் கூலி, ரயில் கூலி எல்லாம் அந்த எண்ணின் பேரில் தோட்டத்துக் கணக்கில் ஏறும். அங்கிருந்து ஆளின் தலையில் கடனாக இறங்கும். பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டு போலத்தான். அதிலாவது அனுப்பியவர் பெயர் இருக்கும்.

இப்போது கொள்ளுப்பேரன் பேத்திகள் அதைத் தேடுகிறார்கள். தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார், யாரோடு வந்தார் என்று கேட்கிறார்கள். தகரம் கிடைத்தாலும் தோட்டத்தைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஐந்தாண்டு கையெழுத்து, மீறினால் சிறை. ஆனால் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ தொடங்கி 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேருக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், ஜில்லா, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். மொரீஷியஸ் ஒருபடி மேலே போய், 1860களிலிருந்தே ஆட்களைப் படம் பிடித்து வைத்தது. அந்த ஏடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிடித்த ஆளைத் தப்பவிடக் கூடாது என்று எழுதிய எழுத்து, இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பூர்வீகம் காட்டுகிறது.

இலங்கைக்குப் போனவர்களையோ ‘சுதந்திரக் கூலி’ என்றார்கள். ஒப்பந்தம் கிடையாது, ஆகவே அப்படியொரு ஏடும் கிடையாது. கட்டிப்போட்டது கடன்தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும்; இவ்வளவு பாக்கியைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. மற்றபடி மிஞ்சியவை கங்காணியின் கணக்குப் புத்தகமும் தோட்டத்துச் செக்ரோல் என்ற பேர்ப்பதிவும். செக்ரோலில் ராமசாமிகள் வரிசையாக நிற்பார்கள், எந்த ராமசாமி நம்முடையவர் என்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு. தோட்டம் கைமாறும்போதெல்லாம் பழைய பேரேடுகள் கரையானுக்குப் போயின.

காகிதம் இல்லாதது வெறும் மனக்குறையாக நின்றிருந்தால் இந்த அஞ்சலிக்கே அவசியம் இருந்திராது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தகப்பனும் இங்கே பிறந்தவரா என்று கேட்டது. இல்லையென்றால் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. கழுத்தில் எண்ணை மாட்டிக் கூட்டிவரப்பட்டவனின் பேரனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்! 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென்று வந்த இன்னொரு சட்டம், எத்தனை ஆண்டு இடைவிடாமல் வசித்தாய் என்று நிரூபிக்கச் சொன்னது. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பத்தில் அடங்கினார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். இடையில் ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்தவர் கூட அதை விளக்க வேண்டியிருந்தது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டார்கள். மறுபடியும் மனிதர்கள் எண்ணாகத்தான் கைமாறினார்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டம் கேட்டது தகப்பன் வழியை. கொழுந்து பறித்து அந்தத் தோட்டங்களைத் தாங்கிய கறுப்பாயிகளும் மூக்காயிகளும் எங்கே பிறந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பெண் வழிதான் முதலில் அறுந்தது.

தகர டிக்கெட்டைப் போற்றிப் பேச என்னால் ஆகாது. கடனைச் சுமந்துவந்த ஒரு பொருள், அவ்வளவுதான். ஆனால் அதுவும் இல்லாதபோது பல குடும்பங்களுக்கு முதல் தலைமுறைக்கான சாட்சியே இல்லாமல் போகிறது. கம்பளை அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்திலேயே நடக்கிறது. பாட்டன்மார் புழங்கிய பொருட்களை அங்கே சேர்த்துவைத்திருக்கிறார்கள். அரசாங்கங்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

அட்டனிலோ பண்டாரவளையிலோ, கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதை லேமினேட் செய்துவிடாதீர்கள், கெட்டுப்போகும். இரு பக்கமும் படம் எடுத்து, மூலத்தை உலர்ந்த இடத்தில் வையுங்கள். அப்பாயியோ அம்மாயியோ உயிரோடு இருந்தால், அவருடைய அம்மா பெயர், அந்த அம்மாவின் அம்மா பெயர், எந்தத் தோட்டத்தில் எந்த டிவிசனில் பேர் பதிந்திருந்தார்கள் என்பதைக் கேட்டு, தேதி போட்டு, இந்த வாரமே எழுதிவையுங்கள்.