வித்துவான் குட்டி (1835–1887)

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்து, இராமய்யன் என்னும் பெயர் தாங்கி, சங்கீதத்திலும் சமஸ்கிருதத்திலும் பாண்டித்தியம் எய்திய இவர், 1861-இல் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்று யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். ஆங்கிலிக்கன் மிஷன் சபையிற் குருப்பட்டம் ஏற்றிருந்தும், 1870-களின் எழுப்புதலில் உள்ளம் கரைந்து, கிறிஸ்து 1881-இல் மீண்டும் வருவாரென அறிவித்து, அச்சபைக்குப் புறம்பானார்; குறித்த நாள் வெறுமையாய்க் கழிந்த பின்னும், அடியார் சிலர் அவரைக் கைவிடாது யூயோமயம் என்னும் தனிவழியில் நின்றனர். குட்டியின் பக்தியை அறிய விழைவோர் அவருடைய தீர்க்கதரிசனத்தை அன்று, கர்நாடக இராகங்களில் அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளையே நாடவேண்டும். சபையைப் பிரிந்தவரின் அப்பாடல்கள் கேரளச் சபைகளின் ஆராதனையில் இன்றும் உருக்கத்துடன் ஒலிக்கின்றன.