அஞ்சு பைசா மெசேஜும் 5,900 ரூபாய் வாசப்படியும்

ராயபுரத்துல பத்து பவர்டேபிள் போட்ட யூனிட்காரர், "உங்க லாட் ரெடி"ன்னு பார்ட்டிக்கு வாட்ஸ்அப்ல சொல்றார். பேங்க் மட்டும் எஸ்எம்எஸ் அனுப்புது. ஏன் இவர் அனுப்பறதில்ல? அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

2007-ல 'தொந்தரவு வேண்டாம்' பதிவேடு வந்துச்சு. விளம்பர மெசேஜ் நிக்கல. 2011 செப்டம்பர்ல டிராய் இன்னும் இறுக்கிப் பிடிச்சது: ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான். அப்புறம் அது 200 ஆச்சு. 2012-ல விலையைக் கையில எடுத்தாங்க. நாளைக்கு 100-ஐத் தாண்டினா ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 50 பைசா. மொத்தமா அனுப்பறவங்களுக்குச் செலவு ஏறினா ஸ்பேம் குறையும்ங்கிற கணக்கு. அந்த 50 பைசா விதி 2020 வரைக்கும் இருந்துச்சு.

2018 ஜூலைல வழி மாறுச்சு. நடைமுறை விதிகளை டெலிகாம் கம்பெனிகளே எழுதி டிராய்கிட்ட கொடுக்கணும். வணிக மெசேஜ் அனுப்பறவங்க எல்லாரும் 'டிஎல்டி'ங்கிற பிளாக்செயின் தளத்துல பதிவு பண்ணணும். கம்பெனி பேரு, ஹெடர், மெசேஜ் வாசகம் எல்லாத்தையும் முன்கூட்டியே கொடுக்கணும். பெயர், தொகை மாதிரி மாறுற இடத்துக்கு மட்டும் ஒரு வெற்றிடம்.

இதுல கட்டணம் ரெண்டு அடுக்கு. மெசேஜ் போய்ச் சேர்ற நெட்வொர்க்குக்கு அதிகபட்சம் 5 பைசா. இது டிராய் வகுத்த வரம்பு. பதிவுக் கட்டணம் கம்பெனிகள் வெச்சது. பரவலா வாங்கினது 5,000 ரூபாய், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. ஆக 5,900. 5 பைசா கணக்குல பார்த்தா இது 1,18,000 மெசேஜுக்குச் சமம். கோடிக்கணக்குல அனுப்பற பேங்குக்கு இது தூசு. மாசம் நூறு மெசேஜ் அனுப்பற பவர்டேபிள்காரருக்கு இது கதவு மூடின மாதிரி.

பெரியவங்களும் தடுமாறினாங்க. பேடிஎம் தொடுத்த வழக்குல, விதியைக் கண்டிப்பா அமல்படுத்தச் சொல்லி 2021 பிப்ரவரில டெல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. மார்ச் 8-ல வடிகட்டல் தொடங்குச்சு. பதிவான வாசகத்தோட ஒத்துப்போகாத மெசேஜ் எல்லாம் விழுந்துச்சு. ஓடிபி வராம ஜனங்க முழிச்சாங்க. அடுத்த நாளே டிராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வெச்சது.

என்ஜினியரா பார்த்தா வடிவமைப்பு தப்பில்ல. யார் அனுப்பினாங்கன்னு கண்டுபிடிக்க முடியறது நல்ல விஷயம்தான். மோசடி லிங்க்ல பணம் போன குடும்பத்துக்கு அதோட அருமை தெரியும். ஆனா விதி எழுதற இடத்துல, நுழைவுக் கட்டணம் வாங்கற கம்பெனியே உட்கார்ந்திருக்கு. சின்ன யூனிட்காரருக்கு அங்க நாற்காலி இல்ல. அனுப்பற அளவுக்கு ஏத்த மாதிரி கட்டணம் வெச்சிருந்தா, அவரும் உள்ள வந்திருப்பார்.

உங்க இன்பாக்ஸைத் திறந்து பாருங்க. 2025-ல இருந்து ஹெடர் முடிவுல ஒரு எழுத்து இருக்கும். பி-ன்னா விளம்பரம், எஸ்-ன்னா சேவை, டி-ன்னா பரிவர்த்தனை, ஜி-ன்னா அரசு. அதுல உங்க தெருக் கடை எத்தனைன்னு எண்ணிப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.