மாடிக்கு விட்ட கம்பி

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் விற்கும் அந்தக் கடையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடம் போதாது. 2012-இல் ஒரு மழைநாளில் அங்கே ஒதுங்கியவன், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த வெள்ளைப் பொருளைக் காட்டி, "அது என்ன பாய், டிவிடி பிளேயரா?" என்று கேட்டேன்.

"லேப்டாப் சார். கையில எடுத்துப் பாருங்க."

எடுத்தேன். டைரி அளவுதான் இருந்தது. ஒரு கிலோவுக்கு எண்பது கிராம் குறைவு. ஏழு அங்குலத் திரை, அதன் இருபுறமும் ஸ்பீக்கர். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஆசுஸ் ஈ பிசி 701 என்று போட்டிருந்தது. மூவாயிரம் ரூபாய், சார்ஜர் இல்லாமல்.

அந்தச் சார்ஜரைத் தேடியே ஒரு மணி நேரம் போயிற்று. இதற்கு வேண்டியது 9.5 வோல்ட். இதே வரிசையில் அடுத்து வந்த 900 மாடலுக்கு 12 வோல்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பாய் ஒரு கோணிப்பை நிறைய சார்ஜர்களைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். "பின் உள்ள போகுதேன்னு எதையாவது குத்திடாதீங்க சார், போர்டு போயிரும்" என்றார். கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து ஒன்று வந்தது. முந்நூறு ரூபாய்.

இந்தச் சின்ன இயந்திரம் பிறந்த கதை அதைவிடப் பெரியது. 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் லேப்டாப் என்ற யோசனையை முன்வைத்தார். அதுவரை லேப்டாப் சிறுத்தால் விலை ஏறும் என்பதுதான் வழக்கம். மெல்லியதும் லேசானதும் பெரிய அதிகாரிகளின் பைக்குள் போகிற பொருட்கள். சிறியது மலிவாகவும் இருக்கலாமே என்று அந்த யோசனை ஒரு கதவைத் திறந்துவிட்டது. 2007 ஜூனில் தைபேயின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஆசுஸ் தலைவர் ஜானி ஷி ஈ பிசியை வெளிக்காட்டினார். அன்று சொன்ன விலை 199 டாலர். அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கடைகளுக்கு 4 ஜிபி மாடல் வந்தபோது விலை 399. ஏறிய பிறகும் அது அன்றைய பெரும்பாலான லேப்டாப்களைவிட மலிவு.

விலையைக் குறைக்க எதையெல்லாம் விட்டார்கள் என்று பார்த்தால், அந்தச் சிக்கனத்தில் ஒரு வீட்டுக்காரியின் கணக்கு தெரிகிறது. ஹார்ட் டிஸ்க் வேண்டாம். 4 ஜிபி ஃபிளாஷ் சில்லை போர்டிலேயே பற்றவைத்தார்கள். விண்டோஸ் வேண்டாம், சாண்ட்ரோஸ் என்ற லினக்ஸ் போதும். திரை 800க்கு 480 புள்ளிகள். 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் எம் செயலியை 630-இல் ஓடவிட்டு, சூட்டையும் பேட்டரியையும் மிச்சம் பிடித்தார்கள். ரேம் 512 எம்பி.

ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. பாய் அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் உள்ளங்கை அளவில் ஒரு மூடி, அதற்கு இரண்டே ஸ்க்ரூ. கழற்றினால் ரேம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கையில் காசு சேரும்போது மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்று விட்டுவைத்தது. பத்து வருஷம் துணிக்கொடி கட்டத்தான் பயன்படும். பதினோராவது வருஷம் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் அதன்மேல் தூண் எழும். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க முடியாதவர்கள் வீடு கட்டும் முறை அது. அந்த இரண்டு ஸ்க்ரூ மூடியைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வந்தது. அதற்காகவே வாங்கினேன்.

முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் அந்த மூடியின் ஒரு ஸ்க்ரூமேல், பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எச்சரிக்கும் ஸ்டிக்கர் இருந்தது. வாங்கியவர்கள் கேள்வி எழுப்பினார்கள். ரேம் மாற்றுவதால் உத்தரவாதம் போகாது என்று நிறுவனம் தெளிவுபடுத்தியது. என்னிடம் வந்ததில் ஸ்டிக்கரின் பசை மட்டும் கறுப்பாக மிச்சமிருந்தது. எனக்கு முன்னால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் எதையும் மாற்றவில்லை. உள்ளே பழைய 512 அப்படியே இருந்தது.

மூன்று மாதம் கழித்து அதே கடையில் 2 ஜிபி டிடிஆர்2 ரேம் ஒன்று வாங்கினேன். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்து, முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். மூடியைத் திறந்து, இருபுறத்து உலோகக் கவ்விகளையும் நகத்தால் விலக்கியதும் பழைய ரேம் தானாகச் சாய்ந்து எழுந்தது. புதியதன் வெட்டைப் பள்ளத்தோடு பொருத்தி, சரிவாகச் செருகி, கீழே அழுத்தினேன். கவ்விகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 'டக், டக்' என்று பிடித்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் திரையில் 1 ஜிபிதான் காட்டியது. கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டுவிட்டேன், தவறு. அதனோடு வந்த சாண்ட்ரோஸின் கெர்னல் ஒரு ஜிபிக்கு மேல் பார்க்கும்படி அமைக்கப்படவில்லை. சேமிப்பிடம் போதாமல் போனதும் அதே சாண்ட்ரோஸால்தான். 4 ஜிபியில் பெரும்பகுதி, கைவைக்க முடியாத ஒரு பகுதியில் பூட்டிக் கிடந்தது. நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் ஒரு தாள்போல விரிக்கப்படும். வேண்டாத மென்பொருளை நீக்கினாலும் அது கண்ணுக்கு மறையுமே தவிர, இடம் திரும்பக் கிடைக்காது. எந்தக் குளறுபடி ஆனாலும் எஃப்9 அழுத்தி முதல்நாள் நிலைக்குக் கொண்டுவரலாம் என்ற வசதிக்குக் கொடுத்த விலை அது. கணினி பழகாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பக்கவாட்டில் எஸ்டி கார்டு போடும் துளை இருந்தது. 16 ஜிபி கார்டு ஒன்றில் டெபியனை ஏற்றி, இயக்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி அதிலிருந்தே கிளப்பினேன். 2 ஜிபியும் தெரிந்தது. பிறகு தமிழ்99 விசைப்பலகையை அமைத்தேன். விசைகள் குறுகல், என் சுண்டுவிரலுக்கு ஒரு வாரம் பிடித்தது. வைகை எக்ஸ்பிரஸின் இருக்கைத் தட்டில் இதை வைத்து, பக்கத்தில் காபியும் வைக்க இடமிருக்கும். செங்கல்பட்டில் தொடங்கிய கட்டுரை திருச்சிக்குள் முடிந்துவிடும். 800 புள்ளி அகலத் திரையில் நம் நீளச் சொற்கள் வரிக்கு ஏழெட்டுதான் நிற்கும். அதனாலேயே வாக்கியங்கள் சுருங்கின. என் எழுத்துக்கு அது செய்த நன்மை அது.

இதற்குள் இதன் இனமே ஏறி இறங்கிவிட்டிருந்தது. 2008-இல் இன்டெலின் ஆட்டம் செயலி வந்தது, திரை பத்து அங்குலம் ஆயிற்று, மைக்ரோசாஃப்ட் இவற்றுக்காகவே எக்ஸ்பியின் ஆயுளை நீட்டித்தது. 2010-இல் ஐபேட். 2013 பிறப்பதற்குள் ஆசுஸே ஈ பிசி செய்வதை விட்டுவிட்டது.

போன வருஷம் அக்கா மகள் கல்லூரிக்காக ஒரு மலிவு லேப்டாப் பார்க்கக் கூப்பிட்டாள். கடையில் காட்டியவை அழகாக, லேசாக, இதைவிடப் பலமடங்கு வேகமாக இருந்தன. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, இரண்டும் போர்டிலேயே பற்றவைத்தவை. "பின்னாடி ரேம் கூட்டலாமா?" என்று கேட்டேன். "முடியாது சார், வாங்கும்போதே பெருசா வாங்கிடணும்." பெரியதாக வாங்கப் பணம் இருந்தால் அவள் ஏன் அந்த வரிசையில் நிற்கிறாள்? விலை உயர்ந்த லேப்டாப்பில் ரேமைப் பற்றவைத்தால் அதை வாங்குபவர் தாங்கிக்கொள்வார். குறைந்த விலையில் அதைச் செய்வது கம்பியை மழுங்க வெட்டிவிட்டு வீட்டை விற்பது. அவளுக்கு அதே விலையில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம், அடியில் மூடி திறப்பதாகப் பார்த்து. எடை கொஞ்சம் கூடத்தான்.

701-க்கும் கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ இந்த 32-பிட் செயலியில் நிறுவ வழியில்லை, 12-இலேயே நிறுத்தியிருக்கிறேன். இணையப் பக்கங்கள் திணறும். எழுதுவதற்கு இன்னும் சுணக்கமில்லை. பேட்டரிதான் செத்துவிட்டது. ஒயரை உருவினால் அணைந்துவிடும்.

சென்ற வாரம் அதை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். பாய்க்குத் தாடி நரைத்துவிட்டது, கடை அதே அகலம். பேட்டரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, விளிம்பில் கத்தியை நுழைத்து ஓட்டைப் பிளந்தார். உள்ளே நான்கு உருளைச் செல்கள், தகட்டுப் பட்டைகளால் இணைக்கப்பட்டு. ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்தார்.

"ரெண்டு போச்சு சார். நாலையும் மாத்திடலாம். வியாழக்கிழமை வாங்க."