மாக்பெத்: நாடகத்தில் துரோகி, வரலாற்றில் மன்னன்

ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியர் இயற்றிய துன்பியல் நாடகங்களுள் அளவாற் சிறியது ‘மாக்பெத்’. விருந்தாய் வந்த வேந்தனை உறக்கத்திலே கொன்று அரியணை ஏறிய ஒருவனின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதன் கதை. அந்நாடகத்தைப் பயின்றோர் உள்ளத்தில் மாக்பெத் என்னும் பெயர், நன்றிகேட்டுக்கும் பதவி வெறிக்கும் மறுபெயராய் நிலைத்துவிட்டது. ஆயின், அப்பெயருடைய மன்னன் ஒருவன் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்து நாட்டை மெய்யாகவே ஆண்டான். அவன் வரலாறு வேறு. நாடகம் சொல்லும் கதை வேறு. இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? அதனால் பயனடைந்தோர் யார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகம் காட்டும் துரோகம்

நாடகத்தின் தொடக்கத்திலேயே ஒரு துரோகம் பேசப்படுகிறது. காடர் என்னும் பகுதியின் சிற்றரசன் பகைவரோடு சேர்ந்து டங்கன் மன்னனை எதிர்க்கிறான். அவனுக்குக் கொலைத் தண்டனை கிடைக்கிறது. அவன் பட்டம், போரில் வென்ற தளபதியாகிய மாக்பெத்துக்குக் கிடைக்கிறது. இறந்தவனைத் தான் முழுமையாக நம்பியிருந்ததை நினைந்து மன்னன் வருந்துகிறான். அப்பேச்சு முடிந்தும் முடியாமலும் இருக்கும்போதே மாக்பெத் மேடைக்குள் நுழைகிறான். பட்டத்தோடு துரோகமும் கைமாறிவிட்டது என்பதைக் காண்போர் உணர்வர்; மன்னன் உணரான்.

கொலைக்கு முன் மாக்பெத் தனக்குள் வழக்காடும் இடம் ஆழ்ந்து கற்கத்தக்கது. உறவினன், குடிமகன், விருந்தளிப்பவன் ஆகிய மூன்று முறையாலும் மன்னனைக் காக்கத் தான் கடமைப்பட்டவன் என்று அவனே எடுத்துரைக்கிறான். டங்கனிடம் குற்றம் இல்லை என்பதையும் ஒப்புகிறான். தன்னை உந்துவது பதவியாசை ஒன்றே என்று தெளிந்த பின்னரும் அக்கொலையைச் செய்கிறான். தெரிந்தே செய்த துரோகம் ஆதலால், அன்றிரவோடு அவன் உறக்கமும் ஒழிகிறது.

வரலாறு கூறும் மன்னன்

இனி வரலாற்றுக்கு வருவோம். 11-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்தில், தந்தைக்குப் பின் மூத்த மகன் என்னும் வாரிசு முறை வேரூன்றவில்லை. அரச குலக் கிளைகளுள் வலிமையுடைய ஆண்மகனே பெரும்பாலும் அரசனானான். ஆகவே கிளைகளுக்கிடையே கொலையும் பழிக்குப்பழியும் மலிந்தன. 1034-இல் இறந்த இரண்டாம் மால்கம் மன்னனுக்குப் பின் அவன் மகள் வயிற்றுப் பேரனாகிய டங்கன் பட்டத்துக்கு வந்தான்.

மாக்பெத் வடபகுதியாகிய மரே நாட்டின் ஆளும் குடியில் பிறந்தவன். அவன் தந்தை 1020-இல் தன் உடன்பிறந்தானின் மக்களால் கொல்லப்பட்டான். அக்கொலைஞருள் ஒருவனாகிய கில்லாகோம்கன், 1032-இல் ஐம்பது பேரோடு தீயில் மாண்டான். அவன் மனைவி குரூவாக் என்பவளையே மாக்பெத் பின்னர் மணந்தான். நாடகத்தில் பெயரே இன்றி வரும் மாக்பெத்தின் மனைவி, வரலாற்றில் இந்தக் குரூவாக் ஆவாள். அவளும் அரச குலக் கிளையில் உதித்தவள். ஆதலின் மாக்பெத் அரியணையை நாடியதற்கு அக்கால மரபில் இடமிருந்தது.

நாடகத்து டங்கன் முதியவன். வரலாற்று டங்கனோ இளவயதிலேயே இறந்தான் என அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. அவன் இங்கிலாந்தின் டர்ஹாம் நகரைத் தாக்கித் தோற்றான். பின்னர் 1040-இல் படையோடு மரே நாட்டிற்குள் புகுந்தான். எல்ஜின் நகருக்கு அருகே உயிரிழந்தான். விருந்தும் இல்லை; படுக்கையறையும் இல்லை. எனினும் ஒன்றை மறைத்தலாகாது. அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த மரியானஸ் ஸ்காட்டஸ் என்னும் துறவி, டங்கன் தன் தளபதியின் கையாலேயே இறந்தான் என்று எழுதியுள்ளார். ஆகவே மாக்பெத்தை மாசற்றவன் என்று நாம் வாதிட வேண்டுவதில்லை. அவன் காலத்து அரசர் பலரும் நடந்த வழியிலேயே அவனும் நடந்தான் என்பதே நடுநிலை.

அவன் ஆட்சியோ 17 ஆண்டுகள் நீடித்தது. அவனும் குரூவாக்கும் லெவன் ஏரித் தீவிலிருந்த துறவியர்க்கு நிலக்கொடை அளித்தனர். 1050-இல் அவன் ரோமாபுரிக்கு யாத்திரை சென்று, அங்கே ஏழைகளுக்குப் பணத்தை வாரி வழங்கினான். உள்நாட்டில் அச்சம் நிலவியிருந்தால் ஓர் அரசன் அத்துணைத் தொலைவு சென்று மீண்டிருத்தல் அரிது. 1054-இல் சீவார்ட் என்னும் ஆங்கிலப் பிரபுவின் படையெடுப்பில் அவன் தோற்றான்; ஆயினும் அப்போரில் இறக்கவில்லை. 1057-இல் லும்பனன் என்னுமிடத்தில், டங்கனின் மகன் மால்கம் அவனை வீழ்த்தினான். அவனுக்குப் பின் குரூவாக்கின் மகன் லூலாக் அரசேறினான். 1058-இல் அவனும் கொல்லப்பட்டான்.

குற்றம் இடம்மாறிய கதை

வென்றவன் மால்கம். அவன் வழிவந்தோரே அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்நாட்டை ஆண்டனர். அவர்தம் நிழலில் வளர்ந்த கதைகளில் மாக்பெத் படிப்படியாகக் கொடியவனாக்கப்பட்டான். 1527-இல் ஹெக்டர் போய்ஸ் என்பவர் வெளியிட்ட வரலாற்று நூலில் பாங்கோ என்னும் புதியவன் ஒருவன் தோன்றினான். ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் மூதாதை இவனே என்றனர். அப்படி ஒருவன் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை என்பது இன்றைய வரலாற்றறிஞர் கருத்து. ஸ்டூவர்ட் குடும்பத்தின் முன்னோர், பிரிட்டனி நாட்டிலிருந்து வந்து ஸ்காட்லாந்து அரண்மனையில் மேற்பார்வையாளர் பதவி வகித்தோர் ஆவர்.

போய்ஸின் செய்திகள் ஹாலின்ஷெட் தொகுத்த பெருநூலில் ஏறின. அதன் 1587-ஆம் ஆண்டுப் பதிப்பே ஷேக்ஸ்பியருக்குக் கதைச் சுரங்கம். அந்நூலில் மூன்று செய்திகள் உள்ளன. மாக்பெத் முதல் பத்தாண்டுகள் நல்லாட்சி செய்து நற்சட்டங்கள் இயற்றினான். டங்கனைக் கொல்லும் சதியில் பாங்கோவும் உடந்தை. விருந்தாய் வந்த அரசனை மனைவியின் தூண்டுதலால் கோட்டைக்குள் கொன்றவன் டான்வால்ட் என்னும் வேறொருவன், கொலையுண்டவன் டஃப் என்னும் வேறோர் அரசன். ஷேக்ஸ்பியர் முதற் செய்தியை விட்டார். இரண்டாவதை மாற்றிப் பாங்கோவை நல்லவனாக்கினார். மூன்றாவதை எடுத்து மாக்பெத்தின் தலையில் ஏற்றினார்.

காரணம் வெளிப்படை. 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறியவன் ஸ்டூவர்ட் குடும்பத்து முதலாம் ஜேம்ஸ். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் புரவலனும் அவனே. 1605 நவம்பரில் அவனை நாடாளுமன்றத்தோடு வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதி பிடிபட்டது. அதையடுத்து எழுந்தது மாக்பெத் நாடகம். அரசனைக் கொல்ல நினைத்தோருள் பலர் உலகறியத் தண்டிக்கப்பட்ட நாளில், அரசனின் மூதாதை என்று போற்றப்பட்டவனைக் கொலைக்கு உடந்தையாய்க் காட்ட எந்தப் புலவர் துணிவார்?

யாருக்கு விசுவாசம்?

இத்துணை சொன்னமையால், ஷேக்ஸ்பியர் அரசனைப் புகழ்ந்ததோடு நின்றார் எனக் கருதலாகாது. மாக்டப் என்னும் பிரபுவை நோக்குக. கொடுங்கோலனை எதிர்க்க அவன் இங்கிலாந்துக்கு ஓடுகிறான். மனைவி மக்களைக் காவலின்றி விட்டுச் செல்கிறான். நாட்டுக்கு விசுவாசி, வீட்டுக்கோ? அவன் மனைவி அவனைத் துரோகி என்றே இகழ்கிறாள். துரோகி என்றால் யார் என்று சிறுவனாகிய மகன் தாயைக் கேட்கிறான். சிறிது நேரத்தில் கொலைஞர் வந்து, தந்தையைத் துரோகி எனத் தூற்றி, அச்சிறுவனை மாய்க்கின்றனர். ஆள்வோனுக்கு அஞ்சாதவன் ஆள்வோனின் ஏவலர் வாயில் துரோகி ஆகின்றான். அக்குழந்தையின் வினாவுக்கு நாடகம் எளிய விடை தரவில்லை.

அங்கே இங்கிலாந்தில் இளவரசன் மால்கம் மாக்டப்பைச் சோதிக்கிறான். தன்னிடம் இல்லாத தீய குணங்களையெல்லாம் உள்ளனவாகச் சொல்கிறான். முதலில் பொறுத்துக்கொள்ளும் மாக்டப், இறுதியில் இத்தகையோன் ஆளவும் தகான், வாழவும் தகான் என்று மனம் வெதும்புகிறான். அவன் விசுவாசம் ஓர் ஆளிடம் இல்லை, நாட்டிடமே உள்ளது என்பதறிந்த பின்னரே மால்கம் அவனை நம்புகிறான்.

மாணவர்க்கு இந்நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இரு கடமைகளை மேற்கொள்ள வேண்டும். பதவியாசை ஒரு மனத்தை எங்ஙனம் அரிக்கும் என்பதை நாடகத்தின் துணைகொண்டு விளக்குக. அதில் அதனை விஞ்சிய நூல் அரிது. அதே வேளையில், நாடகத்தின் மாக்பெத் வேறு, லும்பனனில் வீழ்ந்த மன்னன் வேறு என்பதையும் எடுத்துரைக்க. ஒருவனைத் துரோகி என்று நூலொன்று கூறின், அந்நூல் எழுதப்பட்டபோது அரியணையில் இருந்தவர் யார் என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வாய்க்குமாயின், அதுவே வரலாற்றுக் கல்வியின் பயன்.